மலைமுகட்டு நெடுநடை

ஒரு சிகரத்தில் ஏறி அன்றே அடிவாரத்துக்கு இறங்கிவிடாமல், ஏறிய உயரத்தைக் கூடியவரை கைவிடாது முகட்டின் வழியே சிகரத்துக்குச் சிகரம் சென்று, இரவுகளை விடுதியிலோ ஏற்பாடு செய்த முகாமிலோ அன்றி, முதுகில் சுமந்துவந்த கூடாரத்தை வெட்டவெளியில் அடித்துக் கழித்து, சில நாட்களில் ஒரு மலைத்தொடரைக் கடக்கும் பிரயாணம் மலைமுகட்டு நெடுநடை எனப்படும். இதற்குக் கயிறும் பாறையேற்றப் பயிற்சியும் பொதுவாக வேண்டுவதில்லை என்பதால் இது எளிதென எண்ணுவோர் பலர். இத்தகைய பிரயாணத்தைத் திட்டமிடப் புகுவோர் பெரும்பாலும் சிகரங்களின் பெயர்களை வரிசையாக எழுதிக்கொண்டு தொடங்குகின்றனர். பழகியவர்களோ நீர் கிடைக்கும் இடங்களையும், முகட்டைவிட்டுப் பத்திரமாக இறங்கக்கூடிய வழிகளையும் முதலில் படத்தில் குறித்துக்கொண்டு, அவற்றுக்கு இசைந்தவாறே சிகரங்களைச் சேர்க்கவும் விடவும் செய்கின்றனர். இரண்டாவது முறையே சரியானது என்பதற்கு ஸ்காட்லாந்தின் கிளென் நெவிஸ் சுற்று மிகப் பொருத்தமான உதாரணமாகும்.

ஸ்காட்லாந்தின் மேற்கு மலைநாட்டில், ஃபோர்ட் வில்லியம் நகரை ஒட்டித் தொடங்கிக் கிழக்கே செல்லும் கிளென் நெவிஸ் என்னும் பள்ளத்தாக்கை இருபுறமும் உயர்ந்த முகடுகள் ஒரு லாடம்போல வளைத்து நிற்கின்றன. தெற்குப் புறத்தில் மேமோர்ஸ் தொடர். வடக்குப் புறத்தில், கிழக்கிலிருந்து மேற்காக, கிரே கோரீஸ் தொடரும், ஆனக் பெக், ஆனக் மோர் என்னும் இரட்டை மலைகளும், கார்ன் மோர் ஜெரக்கும், இறுதியில் பிரிட்டன் முழுவதிலும் உயர்ந்ததாகிய 1345 மீட்டர் பென் நெவிஸும் அமைந்துள்ளன. 3000 அடிக்கு, அதாவது 914 மீட்டருக்கு, மேற்பட்ட ஸ்காட்டிஷ் சிகரங்களை 1891-இல் சர் ஹியூ மன்ரோ அட்டவணைப்படுத்தியது முதல் அவை அவர் பெயராலேயே மன்ரோக்கள் என வழங்கி வருகின்றன. அவற்றுள் 18 இந்தச் சுற்றில் அடங்கும், மேமோர்ஸில் மட்டும் 10. இரு தொடர்களிலும் ஸ்டோப் பான் என்ற பெயருடைய சிகரம் ஒவ்வொன்று உண்டு என்பதைப் படம் பார்ப்போர் மறவாதிருத்தல் நலம்.

இந்தச் சுற்று முழுவதையும் ஒரே மூச்சில், 24 மணி நேரத்துக்குள் முடித்துக்காட்டியவர், நாவலாசிரியர் நைஜல் ட்ரான்டரின் மகனான பிலிப் ட்ரான்டர், ஆண்டு 1964. அன்று முதல் இது ட்ரான்டர் சுற்று எனப் பெயர் பெற்றது. 1978-இல் சார்லி ராம்சே கிழக்கே மேலும் சில சிகரங்களைச் சேர்த்து, 24 மன்ரோக்களை 23 மணி 58 நிமிடத்தில் கடந்தார். ஓட்டக்காரர்களின் இவ்வருஞ்செயல்கள் பிரசித்தமானவை. ஆயினும் அதே பாதையை மூன்று இரவுகள் தங்கி நடப்பவர் காணும் மலை வேறு, அதற்கான ஆயத்தமும் வேறு.

நேரக் கணக்கே முதல் வேலை. 1892-இல் வில்லியம் நெய்ஸ்மித் என்னும் மலையேறி வகுத்த சூத்திரம் இன்றளவும் செல்லுபடியாகிறது: 3 மைலுக்கு ஒரு மணி, அதனோடு ஏறும் ஒவ்வொரு 2000 அடிக்கும் இன்னொரு மணி. சுமார் 58 கிலோமீட்டர் தூரமும் ஏறத்தாழ 6000 மீட்டர் ஏற்றமும் உடைய இந்தச் சுற்றுக்கு, ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணியும் 600 மீட்டருக்கு ஒரு மணியுமாக வைத்துக் கணக்கிட்டால், 22 மணிக்குச் சற்றுக் குறைவாக வரும். ஆனால் நெய்ஸ்மித்தின் விதி இலகுவான சுமையும் நல்ல தரையும் உடையவனுக்கு உரியது. ஓய்வையும் உணவையும் வழிதவறலையும் அது அறியாது. முதுகில் 12 கிலோ ஏறிய பின் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்வது விவேகம். அப்போது 29 மணி ஆகிறது. நான்கு பகல்களில் பங்கிட்டால் நாளொன்றுக்கு ஏழு மணிக்கு மேல் என்று கணக்கு நேராகிவிடுகிறது. இறங்குவது ஏறுவதினும் எளிது என்ற எண்ணத்தில் இறக்கத்துக்கு நேரமே ஒதுக்காத திட்டங்கள் மூன்றாம் நாளில் முழங்காலிடம் தோற்றுப்போகின்றன.

எனினும் நான்காக வகுப்பது கணிதத்தால் முடிவதன்று. முடிவு செய்வது தண்ணீர். முகடு என்பது மழை விழுந்து இருபுறமும் வடிந்துவிடும் இடமாதலால், நாட்டில் மிகுதியாக மழை பெறும் மலைகளின் உச்சியிலும் குடிக்க ஒரு மிடறு கிடைப்பதில்லை என்ற விசித்திரம் அங்கே சாதாரணம். கிரே கோரீஸில், வெளிறிய குவார்ட்சைட் கற்குவியலினூடே நீர் மறைந்துவிடுவதால், இந்த வறட்சி இன்னும் கடுமை. ஆகவே முகட்டின் மடிப்புகளில் அரிதாகத் தேங்கிய சிறு ஏரிகளே இரவுகளைத் தீர்மானிக்கின்றன. மேற்குக் கோடியில் ஏறிய முதல் நாள் மாலை, ஸ்டோப் பானுக்குக் கிழக்கே கோரி நம் மிசியக் என்னும் குழிவிலுள்ள சிற்றேரியின் கரையில் தங்கலாம். அங்கே சுமையை வைத்துவிட்டு டெவில்ஸ் ரிட்ஜ் என்னும் குறுகிய முகட்டின் வழியே ஸ்கூர் அ வாய்ம் சிகரத்துக்கு வெறுங்கையாய்ப் போய்வருவது அந்த இடத்தின் தனி ஆதாயம். இரண்டாம் இரவு ஸ்கூர் எய்ல்டு மோர் சிகரத்தின் அடியில், சுமார் 740 மீட்டர் உயரத்தில் விரிந்திருக்கும் ஏரியருகே. மூன்றாம் நாள் பள்ளத்தாக்கின் தலைப்பகுதிக்கு இறங்கி, ஆவின் ரா ஆற்றைக் கடந்து, கிரே கோரீஸ் முழுவதையும் நடந்து, ஆனக் பெக் மலைக்குக் கீழே 730 மீட்டர் அளவில் உள்ள கணவாயை அடைவது நீண்ட நாள். அங்கே முகட்டைவிட்டுச் சற்று இறங்கினால் ஓடை கிட்டும். ஆவின் ராவைப் பற்றி ஓர் எச்சரிக்கை: வேனிலில் கால் நனையக் கடக்கும் அந்த ஆறு, ஓர் இரவு மழைக்குப் பின் கடக்கவே இயலாதவாறு பெருகிவிடும். அதன் வட கரையில் மீனாக் என்னும் பழைய கல்வீடு பூட்டின்றி எவருக்கும் திறந்திருக்கிறது. வெள்ளம் வடியுமட்டும் காத்திருக்க அது உதவும், சரியான கரையில் இருப்பவருக்கு மட்டும்.

கூடாரம் அடிக்கும் இடத்தைப் படத்தில் தேர்ந்தாலும் தரையில் மறுபடி தேர வேண்டும். கணவாய் படத்தில் பாதுகாப்பான தாழ்வாகத் தோன்றும். உண்மையிலோ இரு சிகரங்களுக்கிடையே நெருக்குண்ட காற்று அங்கே வேகம் மிகுந்து பாய்கிறது. அதனால் கணவாயின் முதுகில் அன்றி, காற்று வீசும் திசைக்கு மறுபுறம் சில பத்து மீட்டர் இறங்கி, ஒரு பாறைத் திட்டின் மறைவில், நீர் தேங்கும் குழியைத் தவிர்த்து, கூடாரத்தின் தாழ்ந்த முனை காற்றை நோக்குமாறு அடிப்பது வழக்கம். முளைக்குச்சி இறங்காத கல்தரையில் கயிறுகளைப் பாறைகளில் சுற்றி மேலே கல் ஏற்ற வேண்டும். எழுந்து புறப்படுமுன் அக்கற்களை எடுத்த இடத்திலேயே வைப்பது மரியாதை. காற்றுக்கு ஒரு நற்குணமும் உண்டு: மே இறுதியிலிருந்து செப்டம்பர் வரை ஸ்காட்லாந்தின் ஈரநிலங்களில் மேகமாய் எழும் மிட்ஜ் என்னும் பொடிப்பூச்சி மெல்லிய காற்றையும் தாங்காது, பள்ளத்தாக்கில் தங்கியவர் முகத்தை வலைக்குள் மறைத்துக்கொண்டு கஞ்சி காய்ச்சும் அதே வேளையில், முகட்டில் தங்கியவர் நிம்மதியாக உண்கிறார். உண்ணிகள் காற்றுக்கு அஞ்சுவதில்லை; லைம் நோயைப் பரப்பக்கூடியவை ஆதலின், இரவுதோறும் உடலைச் சோதித்து எடுத்துவிடுதல் வேண்டும்.

இறங்கும் வழிகளைப் பற்றி விரிவாகச் சொல்வது அவசியம், ஏனெனில் விபத்துகள் பலவும் ஏறுகையில் அல்ல, களைத்துத் தப்ப நினைக்கையில் நேர்கின்றன. மேமோர்ஸிலிருந்து தெற்கே கின்லாக்லெவன் கிராமத்துக்கு, வேட்டையாடிய மானைக் குதிரையில் ஏற்றி இறக்குவதற்காக முற்காலத்தில் வெட்டிய வளைவுப் பாதைகள் பல உள்ளன. இருளிலும் கால் தானே அறிந்து செல்லுமளவு சீரானவை. வடக்கே அவ்வாறன்று. முகட்டின் நடுப்பகுதியிலிருந்து பார்த்தால், கோரி அ வாய்ல் என்னும் அகன்ற புல்வெளிக் குழிவு மிக இதமாக கிளென் நெவிஸை நோக்கிச் சரிகிறது. மூடுபனியில் நனைந்தவனுக்கு அது விரித்துவைத்த பாயாகவே தோன்றும். ஓடையைப் பின்பற்றி இறங்கிக்கொண்டே போனால், அந்த ஓடை சுமார் 120 மீட்டர் உயர ஸ்டியால் அருவியாக விழும் பாறை விளிம்பில் கொண்டுபோய் நிறுத்திவிடும். படத்தில் சமஉயரக் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக நெருங்கும் அந்த அங்குல இடத்தை வீட்டிலிருக்கையிலேயே சிவப்பு மையால் வட்டமிட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு நாளுக்கும் இவ்வாறு போகத்தக்க வழி இரண்டும், போகத்தகாத வழியும் குறிக்கப்பட்டாலொழியத் திட்டம் முடிந்ததாகக் கொள்ளலாகாது.

வெட்டவெளியில் கூடாரமடிக்கும் உரிமை தேசந்தோறும் வேறுபடும். ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம், 2005 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்து, பெரும்பாலான நிலங்களில் பொறுப்புடன் நடமாடவும் தங்கவும் அனைவருக்கும் உரிமை அளித்தது. சிறு குழுவாக, ஓரிடத்தில் இரண்டு மூன்று இரவுகளுக்கு மேற்படாமல், வீடுகளுக்கும் சாலைக்கும் எட்டி, வந்த தடமே தெரியாமல் தங்குவது அதன் நெறி; மலசலம் கழிப்பது நீர்நிலைக்கு 30 மீட்டருக்கு அப்பால். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நிலவுடைமையாளரின் அனுமதி வேண்டும். டார்ட்மூர் பொதுநிலங்கள் மட்டும் விலக்கு, அவ்விலக்கையும் நீதிமன்றங்களில் வழக்காடி 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்ய நேர்ந்தது. ஸ்காட்லாந்திலும் இலையுதிர் காலத்தில் மான் வேட்டை நடக்கும் பண்ணைகளில் முன்கூட்டி விசாரித்துச் செல்வது நாகரிகம்.

காலம் மே, ஜூன் மாதங்களே உத்தமம். அந்த அட்சரேகையில் ஜூன் நடுவில் பகல் 17 மணி நேரத்துக்கு மேல் நீடிக்கிறது. பிழைபட்ட கணக்கையும் அவ்வெளிச்சம் மன்னித்துவிடும். உயரும் ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் வெப்பம் ஆறு ஏழு பாகை குறைவதால், கீழே இளவேனிலாக இருக்கையில் மேலே பனித்திட்டுகள் கிடக்கும். பென் நெவிஸ் உச்சியில் ஆண்டுக்கு 4000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மே, ஜூன் மாதங்களிலும் நேரத்தில் பாதிக்கு மேல் அது முகிலுக்குள்ளேதான். 1883 முதல் 1904 வரை அவ்வுச்சியில் இயங்கிய வானிலை ஆய்வகத்தின் ஏடுகளே இவற்றுக்கு ஆதாரம். 1894-இல் அங்கே சில வாரம் பணிசெய்த சி. டி. ஆர். வில்சன், முகிலின்மேல் தம் நிழலைச் சூழ்ந்த வண்ண வளையங்களைக் கண்டு அவற்றைச் சோதனைச்சாலையில் உண்டாக்க முயன்று, ஈற்றில் அணுத்துகள்களின் தடங்காட்டும் முகிற்கூடத்தை அமைத்து, 1927-இல் நோபெல் பரிசு பெற்றார் என்பது மலைப்பிரயாணத்துக்குப் புறம்பான செய்தியாயினும் சொல்லாமல் விட மனம் வருவதில்லை.

பொருள்களைப் பற்றி நூல்கள் மிகையாகவே உரைக்கின்றன. தாழ்வான உறுதியான கூடாரம், பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழும் தாங்கும் உறங்குபை, சிறு எரிவாயு அடுப்பு, நாளுக்கு முக்கால் கிலோ அளவில் உலர்ந்த உணவு, மழையுடை, நனையாத உறையில் 1:25,000 அளவுப் படம், திசைகாட்டி, ஊதல். கைப்பேசி வழிகாட்டும்தான், குளிரில் மின்கலம் இறந்துவிடின் அதுவும் சுமையே. பிரயாணத் திட்டத்தின் பிரதியையும் திரும்பும் நேரத்தையும் கீழே ஒருவரிடம் விட்டுச்செல்ல வேண்டும். ஆபத்தில் நிமிடத்துக்கு ஆறு முறை ஊதலோ விளக்கோ காட்டுவது பிரிட்டனில் வழங்கும் அடையாளம், தேட வருபவர் பெரும்பாலும் ஊதியமற்ற தொண்டர்கள்.

எப்புறம் தொடங்குவது என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு. புதிய கால்களோடு பென் நெவிஸை முதலில் முடிப்போம் என்பார் சிலர். ஆனால் மேமோர்ஸிலிருந்து தொடங்குவதே மேல். கடைசி நாளில் ஆனக் மோரிலிருந்து 830 மீட்டர் கணவாய்க்கு இறங்கிய பின், வானிலை கெட்டால் தெற்கே கோரி ஜியூசகன் வழியே ஸ்டியாலுக்கு இறங்கிவிடலாம், மற்றச் சிகரங்களை ஆற அமர நடந்த களிப்போடு இரண்டை மட்டும் விட்டதாகவே முடியும். தெளிவாயிருப்பின் கார்ன் மோர் ஜெரக்கிலிருந்து கருங்கல் பாளங்களாலான வளைந்த விளிம்பின்மீது பென் நெவிஸ் ஏறலாம். உச்சியின் மேடை அகன்றது, ஆனால் வடக்கே குத்துப்பாறை, தெற்கே ஃபைவ் ஃபிங்கர் கல்லி என்னும் பிளவு. முகிலில் இவற்றினிடையே வெளியேற, உச்சித்தூணிலிருந்து படத்தின் கட்டவடக்கைக் கொண்டு 231 பாகையில் 150 மீட்டரை அடியெண்ணி நடந்து, பின்னர் 282 பாகைக்குத் திரும்பி, செங்குத்தான நிலத்தைத் தாண்டும்வரை அத்திசை மாறாமல் செல்ல வேண்டும். இவ்விரண்டு எண்களையும், 150 மீட்டருக்குத் தம் காலடி எத்தனை என்பதையும், புறப்படும் முன்னரே படத்தின் ஓரத்தில் எழுதிவைத்துக்கொள்வது அங்கே பழகிய நடையர் வழக்கம்.