எழுத்துக்கு விலை வந்த கதை

1991 அக்டோபரில், எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு தரத்தின் முதல் பதிப்பு வெளியானபோது தமிழுக்கு அதில் 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. இந்திய அரசின் மின்னணுத் துறை 1988-ல் வகுத்திருந்த இஸ்கி அட்டவணையின் அடுக்கு முறையை எடுத்துக்கொண்டு, தேவநாகரி முதல் மலையாளம் வரை ஒவ்வொரு எழுத்துமுறைக்கும் ஒரே அளவில் இடம் பிரித்திருந்தார்கள். தமிழின் இடம் 2944-ஆம் எண்ணில் தொடங்கியது. அந்த எண்ணைப் பற்றி அப்போது யாருக்கும் கவலையில்லை. யூனிகோடில் எல்லா எழுத்துக்கும் 2 பைட். ஆங்கில ‘ஏ’வுக்கும் 2, தமிழ் ‘அ’வுக்கும் 2. இந்தச் சமத்துவம் ஓராண்டு முடிவதற்குள் ஒரு சாப்பாட்டு மேசையில் ஆட்டம் கண்டது.

ஆங்கிலத்தில் மட்டுமே வேலை செய்துவந்தவர்களுக்கு யூனிகோடு ஒரு சுமையாகத் தெரிந்தது. 1 பைட்டில் முடிந்த எழுத்துக்கு எதற்கு 2? கோப்புகள் இரு மடங்காக வீங்கும். அதைவிடப் பெரிய சிக்கல், இடையிடையே வரும் பூஜ்ஜிய பைட்டுகள். பூஜ்ஜியத்தைக் கண்டால் உரை முடிந்தது என்று நினைத்துக்கொள்ளும் சி மொழி நிரல்கள் எல்லாம் உடைந்துவிடும். எக்ஸ்-ஓபன் என்ற தரநிலைக் குழு ஒரு மாற்றுவழியை வரைந்து வைத்துக்கொண்டு, 1992 செப்டம்பரில் பெல் ஆய்வகத்தின் கருத்தைக் கேட்டது. யூனிக்ஸை உருவாக்கிய கென் தாம்சனுக்கும் அவருடைய சகா ராப் பைக்குக்கும் அந்த வரைவு பிடிக்கவில்லை. அன்று இரவு நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில் சாப்பிட உட்கார்ந்தபோது, தட்டுக்கு அடியில் விரித்திருந்த தாளில் தாம்சன் கிறுக்க ஆரம்பித்தார்.

அவர் எழுதியதுதான் யூடிஎஃப்-8. ஆங்கில எழுத்துகள் பழையபடி 1 பைட்டிலேயே இருக்கும். 2047-ஆம் எண் வரையுள்ளவற்றுக்கு 2 பைட். பிரெஞ்சின் தலைக்குறி எழுத்துகள், கிரேக்கம், ரஷ்யன், அரபி எல்லாம் இதற்குள் அடங்கின. அதைத் தாண்டினால் 3 பைட். சில நாள்களிலேயே பெல் ஆய்வகத்தின் ‘பிளான் 9’ இயங்குதளம் முழுக்க இந்த முறைக்கு மாறிவிட்டது. அந்தத் தாளைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கலாமே என்று பைக் பிற்காலத்தில் வருந்தினார். அபாரமான தீர்வு அது. இன்றைய இணையமே அதன் மேல்தான் நிற்கிறது. ஆனால் 2047-க்குள் வர முடியாத தமிழ் 3 பைட் வரிசையில் போய் நின்றது. மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் ‘தமிழ்’ என்ற சொல்லுக்கே 5 குறியீடு, 15 பைட். புதுச்சேரியின் பழைய தெருக்களில் பிரெஞ்சும் தமிழும் ஒன்றாக எழுதிய பெயர்ப்பலகைகள் உண்டு. ஒரே பலகையில் 1 பைட் எழுத்தும் 2 பைட் எழுத்தும் 3 பைட் எழுத்தும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. வட்டின் விலை ஆண்டுக்காண்டு சரிந்துகொண்டிருந்ததால் இந்த வித்தியாசம் எவரையும் உறுத்தவில்லை. அதை உறுத்த வைக்கப்போகும் கருவி, ஒன்றரை ஆண்டுக்குள் வேறொரு மூலையில் பிறந்தது.

1994 பிப்ரவரி ‘சி யூசர்ஸ் ஜர்னல்’ இதழில் பிலிப் கேஜ் என்ற புரோகிராமர் ஒரு கட்டுரை எழுதினார். கோப்பைச் சுருக்குவதற்கு ஒரு புது வழி. கோப்பில் அடுத்தடுத்து அதிகமாக வரும் இரண்டு பைட்டுகள் எவை என்று எண்ணிப் பார்ப்பது. அந்த ஜோடிக்குப் பதிலாகப் பயன்படாமல் கிடக்கும் ஒரு பைட்டை வைப்பது. மறுபடியும் எண்ணுவது, மறுபடியும் மாற்றுவது. அவ்வளவுதான். விரிப்பதற்குக் கொஞ்சம் நினைவகம் போதும், வேகமாகவும் விரியும். சுருக்குவதற்குத்தான் நேரம் பிடித்தது. ஜிசிப் போன்ற கருவிகள் ஏற்கெனவே பரவியிருந்த காலம் அது. கேஜின் ஜோடிக் கணக்கு பழைய இதழ்களோடு பரணுக்குப் போய்விட்டது என்றே தோன்றியது.

அதே ஆண்டுகளில் தமிழ்க் கணினியாளர்களுக்கு வேறு போராட்டம். எழுத்துரு ஒன்றுக்குக் குறியீடு ஒன்று என்ற நிலையில், ஒருவர் அனுப்பியதை இன்னொருவரால் படிக்க முடியவில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய ‘தமிழ்நெட் 99’ மாநாடு விசைப்பலகையை ஒழுங்கு செய்தது. குறியீட்டுச் சண்டை ஓயவில்லை. யூனிகோடில் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் வேண்டும் என்று ஒரு சாரார் விடாமல் வாதாடினார்கள். 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, தமிழக அரசு யூனிகோடோடு சேர்த்து டேஸ்-16 என்ற குறியீட்டையும் தரமாக அறிவித்தது. அதில் ‘தமிழ்’ 3 எழுத்து, 3 குறியீடு. வெறும் மொழிப்பற்று என்று அந்த வாதத்தைத் தள்ளியவர்கள் பலர். அதற்குள் ஒரு கணக்கும் இருந்தது என்பதுதான் என் எண்ணம். ஆனால் உலகம் முழுதும் யூனிகோடுக்கே போய்விட்டது, கணக்கைப் பார்க்க யாரும் நிற்கவில்லை.

2015-ல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ரிக்கோ சென்ரிச், பாரி ஹாடோ, அலெக்சாண்ட்ரா பர்ச் மூவரும் வேறொரு சுவரில் முட்டிக்கொண்டிருந்தார்கள். அன்றைய மொழிபெயர்ப்பு இயந்திரத்துக்குச் சில பத்தாயிரம் சொற்கள்தான் தெரியும். பட்டியலில் இல்லாத சொல் வந்தால் திகைத்து நின்றுவிடும். சொல்லோடு சொல் ஒட்டி நீளும் ஜெர்மன் மொழியில் இது தினமும் நடந்தது. ‘போய்க்கொண்டிருந்தவர்களுக்கு’ என்று நீளும் தமிழுக்கும் அதே கதிதான். சொல்லைத் துண்டாக்கலாம், ஆனால் எங்கே வெட்டுவது? பரணில் கிடந்த கேஜின் ஜோடிக் கணக்கை அவர்கள் இறக்கினார்கள். அடிக்கடி சேர்ந்து வரும் எழுத்துகளை ஒட்டி ஒட்டித் துண்டுகளின் பட்டியல் ஒன்றை உருவாக்கினால், எந்தப் புதுச் சொல்லையும் அந்தத் துண்டுகளால் கட்டிவிடலாம். கோப்பைச் சுருக்கப் பிறந்தது சொல்லை நறுக்கும் கத்தியானது. அந்தக் கத்தி அடுத்ததாக ஓபன்ஏஐ நிறுவனத்தின் கைக்குப் போனது.

2019 பிப்ரவரியில் வந்த அதன் ஜிபிடி-2 மொழி மாதிரி எழுத்துகளை விட்டுவிட்டு நேரே பைட்டுகளில் கத்தியை வைத்தது. 256 பைட்டுகளில் தொடங்கி, 50,000 முறை ஒட்டி, முடிவுக்குறி ஒன்றும் சேர்த்து 50,257 துண்டுகள். எதை ஒட்டுவது என்பதைத் தீர்மானித்தது அதற்குக் காட்டிய உரை. அது பெரும்பாலும் ஆங்கிலம். ஆங்கிலச் சொற்கள் முழுசு முழுசாகப் பட்டியலில் ஏறின. தமிழ் அதில் அபூர்வம். அதனால் 1992-ல் கிடைத்த அந்த 3 பைட்டுகள் ஒட்டாமலே கிடந்து, ஓர் எழுத்தே இரண்டு மூன்று துண்டுகளாகச் சிதறியது. கால் நூற்றாண்டு தூங்கிய வித்தியாசம் விழித்துக்கொண்டது.

பட்டியலைத் திருத்த முடியாதா என்றால், முடியும். அதைச் செய்துகாட்டியது நிரல் எழுதும் வேலைதான். 2021 ஜூனில் கிட்ஹப் கோபைலட் முன்னோட்டத்துக்கு வந்தது. புரோகிராமர் பாதி வரி அடித்தால் மீதியை அது எழுதியது. அதற்குள் இருந்த கோடெக்ஸ் மாதிரியைப் பயிற்றுவித்தவர்கள், நிரலில் வரியின் தொடக்கத்தில் விடும் வெற்றிடங்கள் துண்டுகளை வீணாகத் தின்பதைக் கவனித்தார்கள். வெவ்வேறு நீள வெற்றிடங்களுக்கென்று தனித் துண்டுகளைப் பட்டியலில் சேர்த்தார்கள். நிரலின் துண்டுக் கணக்கு சுமார் 30 சதவீதம் இறங்கியது. வெற்றிடத்துக்கு இடம் கிடைத்துவிட்டது. ‘க்’ என்ற எழுத்து இன்னும் வாசலில் நின்றது.

அந்தத் துண்டின் பெயர்தான் டோக்கன். இன்று நிரல் எழுதுகிறவர்களின் பேச்சில் நாளைக்குப் பலமுறை அடிபடும் டோக்கன் இதுதான். மாதிரியின் நினைவுக்கு எல்லை டோக்கனில், பதில் வரும் வேகம் டோக்கனில், மாதக் கடைசியில் வரும் பில்லும் டோக்கனில். புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் தொழிற்பேட்டை இருக்கிறது, ஒழுங்குமுறை விற்பனைக்கூடமும் இருக்கிறது. அந்தக் கூடத்துக்கு மணிலாக்கொட்டை கொண்டுவரும் விவசாயிக்கு அன்றைய விலையைத் தமிழில் சொல்லும் செயலி ஒன்றை 2023-ல் ஒரு புரோகிராமர் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஓபன்ஏஐ பின்னர் வெளியிட்ட எடுத்துக்காட்டில், ஆங்கிலத்தில் 27 டோக்கன் பிடித்த ஒரு செய்தி தமிழில் 116 பிடித்தது. ஒரே எடை மணிலாவை ஒருவர் ஒரே சாக்கில் கொண்டுவர, இன்னொருவரை நாலு பையில் கட்டச் சொல்லிப் பைக்கு ஒரு கட்டணம் வாங்கியது போன்ற கணக்கு. செலவு நாலு மடங்கு, பதிலுக்குக் காத்திருப்பதும் அதற்கேற்ப. பேச்சு நீண்டால் மாதிரிக்கு முன்கதை மறந்துபோவதும் சீக்கிரம். இதைத் தமிழ்ப் புரோகிராமர்கள் தங்கள் திறமைக் குறைவு என்று நினைத்திருந்தால் அது பெரிய அநியாயம்.

2023-ல் ஆக்ஸ்ஃபோர்டின் அலெக்சாந்தர் பெட்ரோவும் சகாக்களும் மொழிகளை ஒப்பிட்டு எண்ணிப் பார்த்தபோது, ஒரே செய்திக்குச் சில மொழிகளில் 15 மடங்கு வரை வித்தியாசம் வந்தது. 2024 மே 13-ல் ஓபன்ஏஐ ஜிபிடி-4ஓ மாதிரியை வெளியிட்டது. பட்டியல் சுமார் 2 லட்சம் துண்டுகளாக விரிந்திருந்தது. தமிழின் 116 டோக்கன் 35-ஆக விழுந்தது. தெலுங்கு 159-லிருந்து 45. பிரெஞ்சு 31-லிருந்து 28. ஆங்கிலம் 24-ல் நின்றது.

அதே ஆண்டு அக்டோபரில், சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் ஆய்வுக்குழுவோடு தொடர்புடைய பிரத்யூஷ் குமாரும் விவேக் ராகவனும் தொடங்கிய சர்வம் நிறுவனம் ‘சர்வம்-1’ மாதிரியை வெளியிட்டது. பட்டியலைக் கட்டும்போதே 10 இந்திய மொழிகளின் உரையைக் கொடுத்திருந்தார்கள். மற்ற மாதிரிகளில் ஓர் இந்தியச் சொல்லுக்கு 4 முதல் 8 டோக்கன் ஆகிறது, இதில் 1.4 முதல் 2.1 வரைதான் என்று நிறுவனம் அறிவித்தது. அந்தப் பத்தில் காரைக்காலும் புதுச்சேரியும் பேசும் தமிழ், ஏனாமின் தெலுங்கு, மாஹேயின் மலையாளம் மூன்றும் இருந்தன.