அரசியலமைப்பு நிர்ணய சபையும் வகுப்பறை நடிப்பும்

நாட்டின் அரசியலமைப்பை உருவாக்கிய தலைவர்களின் பாத்திரங்களை மாணவர்கள் ஏற்று, அவர்கள் நடத்திய விவாதத்தை வகுப்பில் மீண்டும் நடத்திப் பார்ப்பது வரலாறு கற்பிக்கும் முறைகளுள் ஒன்றாகும். சுதந்திர தின விழாவில் ஒரு சிறுவன் வட்டக் கண்ணாடியும் கைத்தடியுமாகக் காந்தியடிகளாக வந்து நிற்பது இதில் சேராது; அது மாறுவேடம். இங்கு உடை தேவையில்லை, வாதம்தான் தேவை.

இந்தியாவில் இதற்கு மிக நெருங்கிய ஏற்பாடு இளையோர் நாடாளுமன்றப் போட்டி. 1962-இல் பம்பாயில் நடந்த கொறடாக்கள் மாநாட்டின் பரிந்துரைப்படி, 1966-67-இல் தில்லிப் பள்ளிகளில் இது தொடங்கியது. ஆனால் அதில் மாணவர்கள் சபாநாயகர், அமைச்சர், எதிர்க்கட்சித் தலைவர் எனப் பதவிகளையே ஏற்கின்றனர். வரலாற்று மனிதர்களாகப் பேசுவதில்லை.

அதற்கு அரசியலமைப்பு நிர்ணய சபையே தக்க களம். 1946 டிசம்பர் 9 அன்று முதலில் கூடிய இச்சபை, 1949 நவம்பர் 26 அன்று அரசியலமைப்பை ஏற்றது. வரைவுக்கு முன்மொழியப்பட்ட திருத்தங்கள் மட்டும் 2,473. பாடநூலில் நான்கைந்து பெயர்களும் தேதிகளுமாகச் சுருங்கிவிடும் இச்செய்தியின் உயிர் அந்தத் திருத்தங்களில்தான் இருக்கிறது.

சங்கரன்கோவிலுக்கு வடக்கேயுள்ள கரிவலம்வந்தநல்லூர் வட்டாரப் பிள்ளைகளுக்கு 1949 மே 25, 26 விவாதம் மிகப் பொருத்தமானது. சிறுபான்மையினருக்கான இட ஒதுக்கீட்டைக் கைவிடும் பரிந்துரையைச் சர்தார் படேல் சபையில் வைத்தார். அதை எதிர்த்துத் திருத்தம் கொண்டுவந்தவர் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்த காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில். இட ஒதுக்கீடும் தனி வாக்காளர் தொகுதியும் வேண்டும் என்றார் அவர். போக்கர் சாகிப் ஆதரித்தார். ஐக்கிய மாகாணத்தின் பேகம் ஐஜாஸ் ரசூல், தாமும் முஸ்லிமாக இருந்தும், எதிர்த்துப் பேசினார். திருத்தம் தோற்றது.

இங்கே ஒரு சொல்லில் மாணவர் தடுமாறுவர். இன்று சங்கரன்கோவில் சட்டமன்றத் தொகுதி ஒரு தனித்தொகுதி. அதில் வேட்பாளர் பட்டியல் சாதியினராக இருக்க வேண்டும். வாக்களிப்பவர் எல்லாச் சாதியினரும். இஸ்மாயில் கேட்டது வேறு: முஸ்லிம் பிரதிநிதியை முஸ்லிம்கள் மட்டுமே தேர்ந்தெடுப்பது. பட்டியல் சாதியினருக்கான ஒதுக்கீட்டை அச்சபை முதலில் 10 ஆண்டுகளுக்கு என்று வைத்துக்கொண்டது. இவ்வேறுபாட்டைக் கரும்பலகையில் எழுதிக் காட்டாமல் நடிப்பைத் தொடங்கக் கூடாது.

பாத்திரங்களைப் பங்கிடுவது இன்னும் கவனமான வேலை. அம்பேத்கர் பாத்திரத்தை ஒரு குறிப்பிட்ட தெருப் பையனுக்கும், இஸ்மாயிலை முஸ்லிம் மாணவனுக்கும் கொடுத்துவிட்டால், வகுப்பறை அன்றே ஊராகிவிடும். சீட்டுக் குலுக்கிப் போடுவதே நல்லது. படேலாக ஒரு மாணவி வரட்டும். சபையில் இருந்த பெண்கள் 15 பேர். அவர்களுள் ஒரே பட்டியல் சாதிப் பெண்ணான தாட்சாயணி வேலாயுதன் பாத்திரம் ஒரு பையனுக்கு வந்தால் அவனும் அதை ஏற்றுப் பேசட்டும். தன் வீட்டில் கேட்டறியாத ஒரு நியாயத்தைத் தன் வாயால் சொல்ல வேண்டிய நிலை அப்போதுதான் வருகிறது.

தலைவர்களைத் தெய்வமாக்கும் பழக்கமும் நடிப்புக்குள் நுழைந்துவிடும். அரசியலில் தனிமனித பக்தி சர்வாதிகாரத்தில் கொண்டுபோய் விடும் என்று 1949 நவம்பர் 25 உரையில் எச்சரித்தவர் அம்பேத்கரே. ஆகவே, அவர் பேசும்போதும் குறுக்குக் கேள்வி கேட்க மாணவர்க்கு அனுமதி வேண்டும்.

விவாதத்தின் முழுப் பதிவு ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக உள்ளது. ஆளுக்கு ஐந்தாறு வரித் தமிழ்ச் சுருக்கத்தை ஆசிரியரே எழுதித் தர வேண்டியிருக்கும். 1949 மே மாதத்திற்குப் பின் நடந்த எதையும் வாதத்தில் இழுக்கக் கூடாது என்பது ஒரு விதி. பிரிவினையின் கலவரம் முடிந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை என்பதை அதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். இல்லையேல் படேலின் கடுமையும் புரியாது, இஸ்மாயிலின் துணிவும் புரியாது.

கடைசியில் வாக்கெடுப்பு. வகுப்பின் முடிவு சபையின் முடிவுக்கு மாறாக வந்தால், அதைத் திருத்தாமல் கரும்பலகையின் ஒரு பக்கம் எழுதி, மறுபக்கம் 1949-இன் முடிவை எழுதலாம். அடுத்த பாடவேளைக்கு அது போதும்.