இணையத் தொழில்நுட்பச் செயலிகளின் நினைவகப் பயன்பாடு

வலைப்பக்கங்களுக்குரிய எச்.டி.எம்.எல், சி.எஸ்.எஸ், ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றால் எழுதப்பட்டு, கணினியில் தனி மென்பொருளாக நிறுவப்படும் செயலிகள் இணையத் தொழில்நுட்பச் செயலிகள் எனப்படுகின்றன. விஷுவல் ஸ்டூடியோ கோட், ஸ்லாக், டிஸ்கார்டு ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றை உருவாக்குவது எளிது. ஆனால் இவை ரேம் எனப்படும் நினைவகத்தை மிகுதியாக எடுத்துக்கொள்கின்றன.

தோற்றம்

முன்பு விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய இயங்குதளங்கள் ஒவ்வொன்றுக்கும் ஏற்ப மென்பொருளைத் தனித்தனியே அமைக்க வேண்டியிருந்தது. 2008-இல் கூகுள் குரோம் உலாவி வெளிவந்தது. 2009-இல் ரயன் டால் வெளியிட்ட நோட்.ஜேஎஸ், ஜாவாஸ்கிரிப்டை உலாவிக்கு வெளியிலும் பரவலாக்கியது. இவ்விரு வழிகளையும் இணைத்து, கிட்ஹப் நிறுவனத்தின் ஆட்டம் உரைத்தொகுப்பிக்காக 2013-இல் ஆட்டம் ஷெல் என்னும் சட்டகம் உருவானது. அது 2015-இல் எலக்ட்ரான் எனப் பெயர் மாறியது. அதன்பின் ஒரே நிரலை மூன்று இயங்குதளங்களிலும் ஓட்டுவது எளிதாயிற்று.

நினைவகம் மிகுவதன் காரணம்

ஒவ்வொரு எலக்ட்ரான் செயலியும் குரோமியம் உலாவியைத் தன்னுள் சுமந்து வருகிறது. மூன்று செயலிகளைத் திறந்தால் மூன்று உலாவிகள் ஓடுவதற்கு ஒப்பாகும். மேலும், ஒரு பகுதி முடங்கினாலும் மற்றவை பாதிக்கப்படாதிருக்க, குரோமியம் தன் வேலையைப் பல தனிச் செயல்முறைகளாகப் பிரித்துக்கொள்கிறது. இந்தப் பாதுகாப்புக்கான விலையும் நினைவகமே. 2018-இல் ஸ்பெக்டர் குறைபாடு வெளிப்பட்டபின், குரோமில் ஒவ்வொரு தளமும் தனிச் செயல்முறையில் ஒதுக்கப்பட்டது. இதனால் நினைவகத் தேவை 10 முதல் 13 சதவீதம் வரை கூடும் என்று கூகுளே அறிவித்தது.

தமிழ்நாட்டில்

காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணாவின் பிறந்தநாளான செப்டம்பர் 15 அன்று, 2011-இல், தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் வழங்கப்பட்ட கணினிகளில் இருந்த நினைவகம் 2 ஜிபி. அக்காலத் தட்டச்சு, கணக்கு, படிப்பு வேலைகளுக்கு அது போதுமானதாக இருந்தது. பத்தாண்டு கழித்து 2021-இல் வந்த விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜிபி கேட்டது.

நினைவகம் போதாதபோது இயங்குதளம் தரவை வன்தட்டுக்கு மாற்றி மாற்றி வைக்கிறது. வன்தட்டு பல மடங்கு மெதுவானது என்பதால் கணினி நின்றுபோனதுபோல் தோன்றும். கருவியில் பழுது எதுவும் இருக்காது; ஆயினும் அது பயனற்றது என்று ஒதுக்கப்படும். ஒரு செயலியைப் பல தளங்களுக்கு எழுதும் செலவு நிறுவனத்துக்கு மிச்சமாகிறது. அச்செலவின் ஒரு பங்கு, கூடுதல் நினைவகமாகவோ புதிய கணினியாகவோ பயனர் தலையில் விழுகிறது.

மாற்று முயற்சிகள்

காஞ்சிபுரத்தில் நெசவாளர்கள் பாவை நீளமாக விரித்துச் சீர்செய்யும் வேலை தெருவிலேயே நடப்பது வழக்கம். அதற்கென வீடுதோறும் தனி முற்றம் வேண்டியதில்லை. தெரு பொது; பாவு அவரவருடையது. புதிய முயற்சிகள் சிலவும் இத்தகையவையே. 2022-இல் முதற்பதிப்பு கண்ட டௌரி சட்டகம், இயங்குதளத்தில் ஏற்கெனவே உள்ள உலாவிப் பொறியையே பயன்படுத்துகிறது. மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் 2023-இல் எலக்ட்ரானை விட்டு வெப்வியூ2-க்கு மாறியது. பொறி பொதுவானாலும் ஒவ்வொரு செயலியின் தரவுக்கும் தனி நினைவகம் தேவை. எனவே சுமை குறையுமே தவிர முற்றிலும் நீங்காது.

பழைய கணினி வைத்திருப்போருக்கு எளிய வழி ஒன்று உண்டு. பல சேவைகளைத் தனிச் செயலிகளாக நிறுவாமல், ஒரே உலாவியில் வேண்டியபோது மட்டும் திறந்து, வேலை முடிந்ததும் மூடிவிடலாம்.