வன்னிக் காட்டின் நுணல்

ஐப்பசித் திங்களின் முதற் பெருமழை பெய்து ஓயும் இரவில், வன்னிக் காட்டின் ஓரத்திலுள்ள ஊர்களில் வாழ்வோர் ஓர் ஆரவாரத்தைக் கேட்பர். நேற்றுவரை வறண்டு வெடித்துக் கிடந்த மடுக்களில் இருந்து ஆயிரம் தவளைகள் ஒருங்கே குரலெழுப்பும். காலபோக விதைப்புக்கு மழை போதும் என்பதை உழவர் அக்குரலைக் கொண்டே துணிந்த காலமும் உண்டு. அந்தப் பேரொலிக்குள் அடித்தொண்டையிலிருந்து எழும் கனத்த குரல் ஒன்று தனித்து ஒலிக்கும். அக்குரலுக்குரிய உயிரின் வரலாறே இன்றைய பேச்சின் பொருளாகும்.

மண்ணுக்குள் மறைந்து வாழும் தவளையை நம் முன்னோர் நுணல் என அழைத்தனர். மணலுள் ஒளிந்து கிடந்தாலும் தன் குரலாலேயே பிறர் கையில் அகப்பட்டுக் கெடும் என்ற கருத்து, பழமொழி நானூறு என்னும் பழைய நீதிநூலில் உவமையாக இடம் பெற்றுள்ளது. கண்ணுக்குப் புலப்படாத ஓர் உயிரின் இயல்பை அக்காலத் தமிழர் எத்துணை நுட்பமாகக் கண்டிருந்தனர் என்பதற்கு இது சான்றாகும்.

வன்னியின் உலர்வலயக் காடுகளில் இவ்வியல்புடைய தவளைகள் சில உள. அவற்றுள் அழகு மிக்கதனை உயிரியல் நூலோர் ‘ஊப்பெரொடன் தப்ரொபேனிக்கஸ்’ என்பர். தப்ரொபேன் என்பது பண்டைக் கிரேக்கர் இலங்கைக்கு இட்ட பெயர். இத்தவளை ஏழரைச் சென்ரிமீற்றருக்கு மேல் வளர்வது அரிது. உடல் உருண்டு கொழுத்தது; தலை சிறியது; முகம் மழுங்கியது; வாய் குறுகியது. கருமை கலந்த பழுப்பு முதுகில், செங்கல் நிறமான பட்டைகளும் திட்டுகளும் சித்திரம் தீட்டினாற்போல அமைந்திருக்கும். பகைவர் அணுகினால் காற்றை உள்ளிழுத்துப் பந்துபோல உப்பிக்கொள்ளும். தோலிலிருந்து பசைபோன்ற நீரையும் சுரக்கும்.

இதன் கால்களே இதன் வாழ்க்கையை விளக்கப் போதுமானவை. முன்கால் விரல்களின் நுனி அகன்று தட்டையாக இருத்தலால் மரத்தைப் பற்றி ஏறவல்லது. பின்னங்கால்களின் அடியிலோ மண்வெட்டியின் அலகுபோன்ற தடித்த புடைப்புகள் உள்ளன. அவற்றால் மண்ணைத் தள்ளிப் பின்புறமாகவே நிலத்துள் இறங்கிவிடும். வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை சோழகக் காற்று வீசி நிலம் காயும் மாதங்களில், இது நிலத்தடியிலோ முதிய மரங்களின் பொந்துகளிலோ ஈரத்தைக் காத்து ஒடுங்கியிருக்கும். பாலையும் வீரையும் முதிரையும் நெருங்கி வளர்ந்த வன்னிக் காட்டில் அத்தகைய பொந்துகளுக்குக் குறைவில்லை. கறையானும் எறும்பும் இதன் முதன்மையான உணவு.

இத்தவளைக்குப் பெயர் அமைந்த வரலாறு சுவையானது. மலாயா, சீனம் முதலிய கீழைநாடுகளில் வாழும் ‘கலூலா புல்க்ரா’ என்னும் தவளையும் இதுவும் ஒன்றே என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர் கருதினர். 1890 இல் பூலஞ்சர் வெளியிட்ட பிரித்தானிய இந்திய ஊர்வன, தவளைகள் பற்றிய நூலும் அவ்வாறே கொண்டது. 1934 இல் இலண்டன் நூதனசாலையைச் சேர்ந்த பார்க்கர் என்பார், இலங்கைத் தவளை அதன் ஒரு தனிக்கிளை என்று பிரித்துத் தப்ரொபேன் பெயரை அதற்குச் சூட்டினார். பின்வந்தோர் அதனைத் தனியினமாகவே கொண்டனர். இறுதியில் 2016 இல், மரபணுக்களை ஒப்பிட்டு ஆராய்ந்தோர் இதன் உறவினர் கீழைநாட்டுத் தவளைகள் அல்ல என்றும், இந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் ஊப்பெரொடன் பேரினத்தையே இது சேர்ந்தது என்றும் துணிந்தனர்.

தமிழ்நாடு முதல் வங்கம் வரையும் இத்தவளை வாழ்கின்றது. பனியூழிக் காலத்தில் கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது, பாக்குநீரிணை நிலமாகக் கிடந்து இருகரையையும் இணைத்தது என்பதை எண்ணினால், இவ்வுறவு வியப்பளிக்காது. எனினும் கடலுக்கு இருபுறமும் உள்ளவை யாவும் ஒன்றென முடிவு செய்தலும் தவறாகும். உலர்வலயத்துச் சிறு தவளை ஒன்று தனியினமென அறியப்பட்டு, மிகிந்தலையின் பெயரால் 2016 இல் வழங்கப்பட்டது. நெடுங்காலம் இந்திய இனமெனக் கருதப்பட்ட வேறொன்று, 2018 இல் ஆய்வாளர் ரொஹான் பெத்தியாகொடவின் பெயரைப் பெற்றது. இருநூறு ஆண்டு ஆராய்ச்சிக்குப் பின்னும் நம் காலடியில் வாழ்வன முற்றும் அறியப்படவில்லை.

இனி, இதன் இனப்பெருக்கத்தைக் கருதுவோம். மழைநீர் தேங்கியதும் ஆண் தவளை நீரில் மிதந்தவாறு குரல் கொடுக்கும். அக்குரலை நாடிப் பெண் தவளை வரும். முட்டைகள் நீர்மேற் படலமாகப் பரந்து மிதக்கும். வாற்பேத்தைகள் நீரை வடித்து நுண்ணுயிர்களை உண்டு, மடு வற்றுமுன் உருமாறிக் கரையேறிவிடும். மீன் நிறைந்த பெருங்குளம் இவற்றுக்குப் பாதுகாப்பான தொட்டில் அன்று. சில திங்கள் நிறைந்து பின் வற்றும் சிறு மடுவே இவற்றுக்கு ஏற்றது. அத்தகைய மடுக்களைத் தம் முன்னோர் மதித்தனர் என்பதை இரணைமடு, கல்மடு முதலிய ஊர்ப்பெயர்களே உணர்த்தும்.

1895 இல் ஜே. பி. லூயிஸ் வன்னி மாவட்டங்களைப் பற்றிய கைந்நூலை வெளியிட்டார். 1902 இல் இரணைமடுக் குளத்தின் கட்டுமானம் தொடங்கிற்று. பின்வந்த குடியேற்றத் திட்டங்களால் காடு வயலாயிற்று. பசித்தவர்க்குச் சோறும் கிடைத்தது. 1983 முதல் 2009 மே வரை நீடித்த போரில் வன்னி மக்கள் பட்ட துன்பத்தின் முன் தவளையைப் பேசுதல் சிறுமையாகத் தோன்றலாம். ஆனால் அவ்வாண்டுகளில் காட்டுக்குட் சென்று ஆராயும் வாய்ப்பும் இல்லாதொழிந்தது. தெற்கின் மழைக்காடுகளில் புதிய இனங்கள் பல கண்டறியப்பட்ட காலத்தில், வடக்கின் உலர்காடு கண்ணிவெடிகளின் காவலில் ஆராயப்படாமலே கிடந்தது.

இப்போது மக்கள் மீண்டுள்ளனர். வீடும் வயலும் வீதியும் அவர்க்கு வேண்டும். அதனை மறுப்பார் இலர். எனினும் வீதிக்கு மண் நிரப்பும்போது தூர்ந்துபோகும் மடுவும், விறகுக்கென வெட்டப்படும் பொந்துள்ள முதுமரமும், வயலுக்கு அளவின்றித் தெளிக்கப்படும் நஞ்சும் கணக்கில் எழுதப்படாத இழப்புகளாம். இத்தவளை இன்று அருகிவிட்ட இனமன்று; ஆதலினாலேயே அதனைக் காப்பது எளிது.

1853 இல் கெலாட் என்னும் இலங்கைப் பிறப்பினரான மருத்துவர் விவரித்த மலைநாட்டு மரத்தவளை ஒன்று, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக எவர் கண்ணிலும் படாது அழிந்ததாகவே கொள்ளப்பட்டது. சிவனொளிபாதமலைக் காட்டில் அது மீண்டும் காணப்பட்ட செய்தி 2013 இல் வெளியாயிற்று. அழிந்ததாகக் கருதப்பட்ட வேறு பல இனங்களுக்கோ அத்தகைய நற்பேறு வாய்க்கவில்லை.

ஊர்ப் பள்ளிச் சிறுவர் மாரியின் முதல் மழையிரவில் வேலியோரத்து மடுவருகே செவி சாய்த்து, எந்தக் குரல் எப்போது ஒலித்தது என ஏட்டில் எழுதிவைப்பாராயின், சில ஆண்டுகளில் அதுவே வன்னியின் இயற்கை வரலாற்றுக்கு ஒரு மூலநூலாகும். நுணல் தன் குரலால் கெடும் என்றனர் முன்னோர். அக்குரலைக் கேட்டறிவார் இருப்பின், அதனாலேயே அது பிழைத்தலும் கூடும்.