அடிப்படை ஆராய்ச்சியும் கோவில்பட்டிக் கரிசலும்

இயற்கை இயங்கும் விதத்தை அறிவதையே நோக்கமாகக் கொண்ட ஆய்வு அடிப்படை ஆராய்ச்சி எனப்படும். அந்த அறிவைக் கொண்டு குறிப்பிட்ட தேவையை நிறைவேற்றுவது பயன்முறை ஆராய்ச்சி. முன்னது பின்னதற்கு எவ்வாறு வழிவிடுகிறது என்பதற்கு, 1901இல் தொடங்கப்பட்ட கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தின் வரலாறு நல்ல சான்று.

விதை: திருநெல்வேலிப் பருத்தி என்று விற்ற சரக்கில் கருங்கண்ணி, உப்பம் என்னும் இருவகைப் பருத்திகள் கலந்திருந்தன. கருங்கண்ணியில் சிறந்த செடிகளைப் பிரித்தெடுத்துத் தனி ரகங்களாக்கியது நிலையத்தின் தொடக்ககாலப் பணி. இவ்வாறு சிறந்த செடிகளைத் தெரிவு செய்யும் முறைக்கு அறிவியல் அடித்தளம் வேறிடத்தில் உருவானது. பட்டாணிச் செடிகளைக் கொண்டு மெண்டல் 1866இல் வெளியிட்ட மரபு விதிகள் 1900இல்தான் உலகின் கவனத்துக்கு வந்தன. 1903இல் டென்மார்க்கின் யோஹான்சன் அவரை விதைகளை எடைபோட்டு, தற்கலப்பில் வந்த ஒரே செடியின் வழித்தோன்றல்களுக்குள் செய்யும் தெரிவு பயன் தராது என்னும் தூயவழிக் கொள்கையை நிறுவினார். இருவரும் பருத்தியை ஆராயவில்லை. ஆனால் எந்தத் தெரிவு நிலைக்கும், எது நிலைக்காது என்பதை அவர்கள் ஆய்வே விளக்கியது.

கருங்கண்ணியின் வறட்சி தாங்கும் திறனை நீண்ட இழைக் கம்போடியாப் பருத்தியோடு சேர்ப்பது எளிதன்று. முன்னதில் 26 குரோமோசோம்கள், பின்னதில் 52. கலப்பில் பிறக்கும் செடி மலடாகும். இத்தடையின் காரணத்தைச் சொன்னது உயிரணு ஆய்வு. கால்கிசின் என்னும் வேதிப்பொருள் குரோமோசோம்களை இரட்டிக்கும் என்பது 1937இல் அறியப்பட்டபின் தடையைக் கடக்கும் வழியும் பிறந்தது.

மண்: கரிசல் மழையில் உப்பி, கோடையில் ஆழமாக வெடிக்கும். 1930 வாக்கில் எக்ஸ்-கதிர் ஆய்வுகள் களிமண் துகள்கள் படிகங்களே என்று காட்டின. படிக அடுக்குகளுக்கிடையே நீர் புகுவதால் உப்புகிறது, வெளியேறுவதால் சுருங்கி வெடிக்கிறது என்பது அதன்பின் தெளிவானது. கரிசல் நெடுநாள் ஈரம் காப்பதற்கும் இந்த நுண்துகள்களே காரணம்.

விதைப்பு: வடகிழக்குப் பருவமழை இறங்கியபின் கரிசலில் ஏர் இறங்காது. எனவே மழைக்கு முன்பே வறண்ட மண்ணில் விதைக்கும் முறையை நிலையம் பரிந்துரைக்கிறது. விதையைச் சற்று ஆழமாக இடுவதால் சிறு தூறலில் முளைத்துக் கருகுவதில்லை. நல்ல மழை நனைத்த பின்னரே முளைக்கிறது. விதையை ஊறவைத்து உலர்த்திக் கடினப்படுத்துவதும் இதனுடன் சேரும். மழைப்பதிவு, மண் ஈரம், முளைப்பின் உடலியல் ஆகிய மூன்றும் இதில் கூடுகின்றன.

முக்கியத்துவம்: அடிப்படை ஆராய்ச்சியின் பயன் எப்போது, எங்கே கிடைக்கும் என்று முன்கூட்டிக் கணக்கிட முடியாது. மெண்டலின் விதிகள் 34 ஆண்டுகள் காத்திருந்தன. உடனடிப் பயனை மட்டும் கேட்டு நிதி வழங்கும் நாடு, நாளைய மானாவாரி விவசாயிக்குரிய விடைகளை இன்றே இழக்கிறது. அதனால் இத்தகைய ஆய்வுக்கு நெடுங்காலப் பொது ஆதரவு இன்றியமையாதது.