வளையும் இறக்கையும் தளராத கட்டுப்பாடும்

மார்க்கத்தில் இருந்து ஏழாம் இலக்க நெடுஞ்சாலை வழியே மேற்கே போனால் வாகன் நகரம் வரும். அங்குள்ள ஒண்டாரியோ சாக்கர் மையத்தின் உள்ளரங்கில், 2013 ஜூன் 13 ஆம் தேதி ஒரு மனிதர் மிதிவண்டியை மிதித்தே மேலெழுந்து பறந்தார். அவர் பெயர் டாட் ரைக்கர்ட். டொராண்டோ பல்கலைக் கழகத்தில் பயின்ற அவரும் கேமரன் ராபர்ட்சனும் தலைமை தாங்கிய ஏரோவெலோ குழு கட்டிய 'அட்லஸ்' என்னும் ஹெலிகாப்டர் அது. 64 விநாடிகள் பறந்து, 3.3 மீட்டர் உயரம் தொட்டு, 10 மீட்டர் சதுரத்தை விட்டு விலகாமல் இறங்கியது. 1980 முதல் 33 ஆண்டுகள் எவருக்கும் கிட்டாத சிகோர்ஸ்கி பரிசு, 250,000 டாலர் தொகையோடு அவர்களுக்குக் கிடைத்தது.

அட்லஸின் நான்கு சுழலிகளும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 மீட்டர் விட்டம் உடையவை. ஆயினும் மொத்த எடை 55 கிலோகிராம்தான்! மனிதக் கால்களின் ஆற்றல் சொற்பம் என்பதால் ஊர்தி பெரிதாகவும் மிக இலேசாகவும் இருக்க வேண்டும். அப்படிக் கட்டினால் அது வளையும். சூரிய ஒளியில் பறக்கும் ஆளில்லா விமானங்களுக்கும், எரிபொருளைச் சிக்கனம் செய்ய நீண்டு மெலிந்த இறக்கை பூண்ட பயணி விமானங்களுக்கும் வெவ்வேறு அளவில் இதே நிர்ப்பந்தம் உண்டு.

வளைவதால் என்ன கேடு?

வழக்கமான விமானத்தைப் பொறியாளர்கள் முதலில் ஒரு விறைத்த பொருளாகவே கணக்கிடுவார்கள். இறக்கையின் அதிர்வு வேகமானது. விமானம் மூக்கை ஏற்றி இறக்கும் அசைவு மெதுவானது. இரண்டும் விலகி நிற்பதால் தனித்தனியே கையாளலாம். இறக்கை மெலிந்து நீள நீள அதன் அதிர்வும் மெதுவாகி, விமானத்தின் அசைவோடு கலந்து விடுகிறது. அப்போது உணர்கருவி இறக்கையின் வளைவை விமானத்தின் திருப்பம் என்று தவறாகப் படிக்கலாம். கணினி அதைத் திருத்த முனைந்து அதிர்வை மேலும் வளர்த்து விடலாம்.

காவடித் தண்டில் இருபுறமும் குடம் கட்டித் தண்ணீர் சுமந்தவர்களுக்கு இது தெரியும். தண்டின் ஊசலும் நடையின் தாளமும் முரணாகச் சேர்ந்தால் தண்ணீர் தளும்பிச் சிந்தும். தேர்ந்தவர் தண்டைக் கெட்டியாக்குவதில்லை, நடையை மாற்றுகிறார்.

ஹீலியோஸ் கற்பித்த பாடம்

நாசாவின் ஹீலியோஸ் சூரிய விமானத்தின் இறக்கை 75 மீட்டர் நீளம். போயிங் 747-400 இன் இறக்கையை விடவும் பெரியது. 2001 ஆகஸ்டில் அது 29,500 மீட்டர் உயரம் எட்டியது. பின்னர் எரிமின்கலத்தைச் சுமக்க அதன் எடைப் பகிர்வை மாற்றினார்கள். 2003 ஜூன் 26 இல் ஹவாயின் கவாய் தீவருகே காற்றுக் கொந்தளிப்பில் இறக்கை மிகையாக மேல்நோக்கி வளைந்தது, வளைந்தபடியே நின்றது. மூக்கு ஏறி இறங்கும் ஆட்டம் பெருகி, வேகம் வரம்பு கடந்து, விமானம் சிதைந்து கடலில் விழுந்தது. விமானி எவரும் இல்லாததால் உயிர்ச்சேதம் இல்லை. அந்த மாற்றத்தின் விளைவை முன்னறியப் போதிய கணிப்பு முறைகள் இல்லாமையை விசாரணைக் குழு அடிப்படைக் காரணமாகச் சுட்டியது.

தவறும் கணக்கோடு வாழ்வது

ஒரே ஊர்தி, வளைவு மாறும்போது வேறோர் ஊர்தியாகிறது. எரிபொருள் குறைந்தாலும் வேகம் கூடினாலும் அப்படியே. ஆகவே ஒரு கணித மாதிரிக்கு மட்டும் பொருந்தும் கட்டுப்பாடு போதாது. மாதிரி எவ்வளவு தவறலாம் என்று எல்லை வகுத்து, அந்த எல்லைக்குள் எது நேர்ந்தாலும் நிலை குலையாத கட்டுப்பாட்டை அமைப்பதே 'ரோபஸ்ட்' கட்டுப்பாடு. இத்துறையின் 'எச் இன்ஃபினிட்டி' முறைக்கு 1981 இல் வித்திட்டவர் மாண்ட்ரியல் மெக்கில் பல்கலைக் கழகத்தின் ஜார்ஜ் சேம்ஸ். அதை வளர்த்தவர்களுள் முதன்மையானவர் டொராண்டோ பல்கலைக் கழகத்தின் புரூஸ் ஃபிரான்சிஸ்.

நடைமுறையில் இதற்குப் பல வழிகள் உண்டு. அதிர்வின் அலைவெண்ணை மட்டும் வடிகட்டலாம். உணர்கருவிகளை இறக்கை நெடுகப் பரப்பி வளைவையே அளக்கலாம். காற்று மோதும்போது இறக்கை மடல்களை அசைத்துச் சுமையைக் குறைக்கலாம். ஆனால் எதற்கும் விலையுண்டு: அதிக ஐயத்துக்கு இடம் கொடுத்தால் விமானம் மந்தமாகத் திரும்பும், குறைவாகக் கொடுத்தால் ஹீலியோஸின் கதிதான்.

அட்லஸ் குழு முதலில் சுழலி நுனிகளில் சிறு துடுப்புகள் பொருத்திப் பார்த்தது. பின்னர் அவற்றைக் கைவிட்டது. மிதிப்பவர் வண்டியோடு சாய்ந்தால் சட்டகம் சற்று வளைந்து சுழலிகளைச் சாய்க்கும். அந்தச் சாய்வே ஊர்தியை நிறுத்தும், நகர்த்தும். அங்கே கணினி இல்லை, கற்றுத் தேர்ந்த ஓர் உடல்தான் இருந்தது. வளைவை ஒழிக்க முயலாமல் அதையே கைப்பிடியாக்கிக் கொண்டதில்தான் அந்த 64 விநாடிகள் சாத்தியமாயின.