ஓதுவோரும் பெயர்ப்போரும்: யூதர்களின் வார ஓதல் மரபில் மொழிபெயர்ப்பும் அறவினாக்களும்

1. முன்னுரை

ஒரு நூலை முதலிலிருந்து இறுதிவரை ஆண்டுதோறும் அவையோர் முன் ஓதி முடித்து, முடித்த அன்றே மீண்டும் முதலிலிருந்து தொடங்கும் வழக்கம் யூதர்களிடையே பல நூற்றாண்டுகளாக நிலவி வருகிறது. மோசேயின் ஐந்து நூல்களாகிய தோரா இதன்பொருட்டு 54 பகுதிகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. பகுதி ஒவ்வொன்றும் 'பராஷா' எனப்படும். ஓய்வுநாள்தோறும் ஒரு பராஷா ஓதப்பெறும். சில வாரங்களில் இரண்டு சேர்த்து ஓதப்பெறும். அதனை அடுத்து, இறைவாக்கினர் நூல்களிலிருந்து பொருத்தமான ஒரு பகுதியும் ஓதப்பெறும்.

இவ்வோதலையொட்டி எழுந்த அறவுரைகளும் வினாக்களும் ஒரு பேரிலக்கியமாக வளர்ந்துள்ளன. இவ்விலக்கியத்தைச் சமய நோக்கில் ஆராய்ந்தோர் பலர். மொழிபெயர்ப்பு வரலாற்று நோக்கில் அணுகும்போது வேறொரு செய்தி புலனாகிறது. இவ்வறவினாக்களுள் பல, மூலமொழியின் சொல்லிலோ தொடரிலோ அமைந்த ஓர் இடைவெளியிலிருந்தே பிறந்தவை. அவ்விடைவெளியை நிரப்புவதா, அவ்வாறே விடுவதா என்பதே மொழிபெயர்ப்பாளர் முன் நின்ற சிக்கல். அச்சிக்கலை இம்மரபு எவ்வாறு கையாண்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. ஓதலும் பெயர்ப்பும்

பொது ஓதலைப் பற்றிய பழஞ்சான்று நெகேமியா நூலின் 8ஆம் அதிகாரத்தில் காணப்படுகிறது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில், எருசலேமின் தண்ணீர் வாயிலின் முன் கூடிய மக்களுக்கு எஸ்றா சட்டநூலை ஓதினார் என்றும், கேட்போர் உணரும்படி அதன் பொருள் விளக்கப்பட்டது என்றும் அந்நூல் கூறுகிறது. தெளிவுபட ஓதியதைக் குறிக்க அங்கு ஆளப்பட்ட எபிரேயச் சொல்லை 'மொழிபெயர்ப்புடன்' எனப் பாபிலோனியத் தல்மூது பொருள்கொள்கிறது. பாபிலோனியச் சிறைவாழ்வுக்குப் பின் அரமேயம் மக்களின் பேச்சுமொழியாகப் பரவியமை இவ்விளக்கத்திற்குப் பின்புலமாகும். ஓதல் தொடங்கிய நாளிலேயே பெயர்ப்பும் தொடங்கிற்று என்பது மரபின் துணிபு.

ஓதும் கால அளவு எங்கும் ஒன்றாக இருக்கவில்லை. பாபிலோனிய யூதர் ஓராண்டில் முடித்தனர். பாலஸ்தீன யூதர் ஏறத்தாழ மூன்றாண்டுகளில் முடித்தனர். 12ஆம் நூற்றாண்டில் எகிப்துக்குச் சென்ற துடேலா நகரத்துப் பெஞ்சமின் என்னும் பயணி, இவ்விரு வழக்கங்களையும் பின்பற்றிய இரு தொழுகைக்கூடங்களை ஒரே நகரில் கண்டதாக எழுதியுள்ளார். பின்னர் ஓராண்டு முறையே எங்கும் நிலைபெற்றது.

3. மெதுர்கெமான்

ஓதுவோருக்கு அருகில் நின்று வாய்மொழியாகப் பெயர்த்துரைத்தவர் 'மெதுர்கெமான்' எனப்பட்டார். அவருடைய பெயர்ப்பு 'தர்கூம்' எனப்பட்டது. இச்சொற்களின் வேர் அக்காதியத்திலேயே காணப்படுவது. அரபியில் மொழிபெயர்ப்பாளரைக் குறிக்கும் 'தர்ஜுமான்', தமிழ் முஸ்லிம்களிடையே வழங்கும் 'தர்ஜுமா' ஆகியன இவ்வேரோடு உறவுடையவை.

கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா, இவருக்கு விதிகள் வகுக்கிறது. தோராவை ஓதுபவர் ஒரு நேரத்தில் ஒரு வசனத்துக்கு மேல் பெயர்ப்பாளரிடம் விடலாகாது. இறைவாக்கினர் நூல்களாயின் மூன்று வசனங்கள் வரை விடலாம். தல்மூதுகள் மேலும் சில கட்டுப்பாடுகளைக் கூறுகின்றன. பெயர்ப்பாளர் தம் குரலை ஓதுவோரின் குரலினும் உயர்த்தலாகாது. அவையில் ஏட்டைப் பார்த்துப் பெயர்க்கலாகாது. ஓதுவோர் அவருக்குச் சொல் எடுத்துக் கொடுத்தலும் ஆகாது. பெயர்ப்பும் மூலத்தில் எழுதப்பட்டதே என அவையோர் மயங்கிவிடுவர் என்பதே இறுதி விதிக்குக் கூறப்படும் காரணம்.

இவ்விதிகளின் நோக்கம் ஒன்றே. பெயர்ப்பு தேவையானது; ஆயினும் அது மூலத்தின் இடத்தைப் பற்றிக்கொள்ளலாகாது. இரு குரல்கள் தனித்தனியே ஒலித்ததால், அவற்றிற்கிடையே உள்ள வேறுபாடும் இரு மொழியும் அறிந்தோர் செவிக்கு எட்டியது.

வசனத்தை உள்ளபடியே பெயர்ப்பவர் பொய்யர், அதனோடு கூட்டிச் சொல்பவர் இறைவனைப் பழித்தவர் என்னும் கருத்தினை இரபி யூதா கூறியதாகத் தல்மூது குறிக்கிறது. இரு பக்கமும் அடைக்கப்பட்ட இவ்வழியில் பெயர்ப்பாளர் எங்ஙனம் நடப்பது? பின்வந்த உரையாசிரியர்கள் இதற்கு யாத்திராகமம் 24:10ஐ எடுத்துக்காட்டுவர். மூப்பர்கள் இஸ்ரவேலின் கடவுளைக் கண்டனர் என்பது மூலம். கடவுள் கண்ணுக்குப் புலனாகாதவர் ஆதலின் உள்ளபடி பெயர்ப்பது பொய்யாகும். 'கடவுளின் தூதனை' எனப் பெயர்த்தால் கடவுளின் இடத்தில் தூதனை வைத்ததாகும். ஒன்கெலோசின் தர்கூம் 'கடவுளின் மாட்சியை' எனப் பெயர்த்து இவ்விரண்டுக்கும் இடையே வழி காண்கிறது.

4. ஓதப்படுவன, பெயர்க்கப்படாதன

சில பகுதிகள் ஓதப்படும், ஆனால் பெயர்க்கப்படமாட்டா என்னும் விதி (மெகில்லா 4:10) மொழிபெயர்ப்பு வரலாற்றில் தனிக்கவனத்திற்குரியது. யாக்கோபின் மூத்த மகன் ரூபன், தந்தையின் மறுமனையாட்டியாகிய பில்காளோடு கூடிய செய்தி (ஆதியாகமம் 35:22) இவ்வகையைச் சார்ந்தது. தோரா ஏட்டிலேயே இவ்வசனத்தின் நடுவில் ஒரு வெற்றிடம் விடப்பட்டிருப்பது குறிப்பிடத்தக்கது.

இதற்கு மாறாக, யூதா தன் மருமகள் தாமாரோடு கூடிய நிகழ்ச்சி ஓதவும் பெயர்க்கவும் படுகிறது. யூதாவின் பெருமைக்கு இது இழுக்காகாதோ என வினவும் தல்மூது, அவன் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டமையால் இது அவனுக்குப் புகழே என விடையிறுக்கிறது.

பொற்கன்றின் கதையோ இரண்டாகப் பிரிகிறது. கன்று வார்க்கப்பட்ட முதற்பகுதி பெயர்க்கப்படும். தீயில் பொன்னை இட்டதும் கன்று தானே வெளிப்பட்டது என்பதுபோல் ஆரோன் மோசேக்குச் சொல்லும் மறுமொழி அடங்கிய இரண்டாம் பகுதி பெயர்க்கப்படாது. ஆரோனின் இம்மறுமொழியால் சிலர் வழிதவறினர். ஆகவே மறுமொழி கூறுவோர் சொல்லில் விழிப்பாக இருத்தல் வேண்டும் என்பது தல்மூது இதிலிருந்து பெறும் படிப்பினை.

குற்றம் செய்தோன் பெரியோன் என்பதால் மட்டும் மறைப்பு நிகழவில்லை என்பதை இவ்வெடுத்துக்காட்டுகள் காட்டுகின்றன. ஒப்புக்கொள்ளப்பட்ட குற்றம் மக்கள் மொழியில் சொல்லப்பட்டது. சாக்குப்போக்கு மூலமொழியிலேயே நிறுத்தப்பட்டது. எனினும் எதுவும் ஏட்டினின்று நீக்கப்படவில்லை. எபிரேயம் அறிந்தவன் அனைத்தையும் கேட்டான். அறியாதவனுக்கு அவ்விடத்தில் கிட்டியது பொருள் விளங்கா ஒலி மட்டுமே. மக்களின் நலனைக் கருதி மக்களிடமிருந்தே ஒன்றை மறைக்கும் உரிமை பெயர்ப்பாளருக்கு உண்டா என்னும் வினா இன்றும் தீர்ந்தபாடில்லை.

5. கூற்றில்லாத கூறல்

ஆண்டின் முதற் பராஷாவில் காயீன், ஆபேல் கதை வருகிறது. அதில் ஆதியாகமம் 4:8 ஒரு விந்தையான தொடர். காயீன் தன் தம்பியாகிய ஆபேலிடம் 'சொன்னான்' என்கிறது மூலம். என்ன சொன்னான் என்பது இல்லை. அடுத்து அவர்கள் வயலில் இருக்கிறார்கள், கொலை நிகழ்கிறது. இங்கு ஆளப்பட்ட 'ஆமர்' என்னும் எபிரேய வினை, தமிழின் 'சொல்' போலப் பொதுவாக ஒரு கூற்றை வேண்டி நிற்பது. 'பேசு' என்பதுபோல் தனித்து முடிவதன்று.

இவ்விடைவெளியைப் பெயர்ப்பாளர்கள் வெவ்வேறு வகையில் எதிர்கொண்டனர். கிரேக்கச் செப்துவாகிந்தாவும் சமாரிய ஐந்நூலும் வயலுக்குப் போவோம் என்னும் கூற்றினைக் கொண்டுள்ளன. பாலஸ்தீனத் தர்கூம்களில் ஒரு வாதமே இடம்பெறுகிறது: உலகில் நீதியும் இல்லை, நீதிபதியும் இல்லை என்கிறான் காயீன், உண்டு என்கிறான் ஆபேல். ஆதியாகம ரப்பா என்னும் மித்ராஷ் தொகுப்பு, அவர்கள் எதைப் பற்றிப் பேசியிருக்கக்கூடும் என வினவி மூன்று விடைகளை அடுக்குகிறது. உலகைப் பங்கிட்டபோது நிலம் ஒருவனுக்கும் பிற பொருள்கள் மற்றவனுக்கும் சேர்ந்தன. நீ நிற்கும் நிலம் என்னுடையது, வானில் பற என்றான் ஒருவன். நீ உடுத்திருப்பது என்னுடையது, களைந்துவிடு என்றான் மற்றவன். இது முதல் விடை. கோயில் எவன் பங்கில் அமைவது என்பது இரண்டாவது. ஒரு பெண்ணைப் பற்றியது மூன்றாவது. உடைமை, சமயம், காமம் ஆகிய மூன்றிலும் மாந்தர் கொலைக்குத் துணிவதன் வித்து, முடிவுறாத ஒரு தொடரிலிருந்தே எடுக்கப்பட்டது.

தமிழில் நெடுங்காலமாக வழங்கிவரும் விவிலியப் பெயர்ப்பு இவ்விடத்தில் 'பேசினான்' என்னும் வினையை ஆண்டுள்ளது. தமிழ்த் தொடர் என்ற அளவில் அது குறையற்றது. ஆனால் அக்குறையின்மையாலேயே படிப்போர் நின்று வினவ இடமில்லாது போகிறது.

6. ஒரு பன்மை உருவம்

அதே கதையின் பத்தாம் வசனத்தில், ஆபேலின் இரத்தம் நிலத்திலிருந்து கூவுவதாகக் கூறப்படுகிறது. எபிரேயத்தில் இரத்தம் இங்குப் பன்மையில் உள்ளது. ஏன் பன்மை? ஒன்கெலோஸ், அவனிடமிருந்து தோன்றவிருந்த வழித்தோன்றல்களின் இரத்தம் என விரித்துப் பெயர்க்கிறார். மிஷ்னா (சன்ஹெத்ரின் 4:5) இப்பன்மையை நீதிமன்றத்திற்கே கொண்டுசெல்கிறது. கொலைவழக்கில் சான்று கூற வருவோரை நோக்கி, பொய்ச்சான்றால் ஒருவன் இறப்பின் அவனுடைய இரத்தமும் அவனுக்குப் பிறக்கவிருந்தோரின் இரத்தமும் உன்மேல் வரும் என எச்சரிக்கப்படும். ஓருயிரை அழித்தவன் ஓர் உலகையே அழித்தவனாவான் என்னும் புகழ்பெற்ற கருத்து இவ்வெச்சரிக்கையின் பகுதியே. இதன் அச்சுப் பதிப்புகள் பலவற்றில் 'இஸ்ரவேலரில்' என்னும் சொல் கூடுதலாக உள்ளது. சிறந்த சுவடிகளுள் ஒன்றாகிய காஃப்மன் சுவடியில் அச்சொல் இல்லை. மனித இனம் முழுமைக்குமான அறமா, ஓரினத்திற்குரிய அறமா என்பது இங்கு ஒரு பாடவேறுபாட்டைச் சார்ந்து நிற்கிறது.

தமிழில் 'இரத்தம்' என்னும் சொல்லைப் பன்மையாக்கி 'இரத்தங்கள்' என்றால் தொடர் இடறும். ஒருமையில் விட்டால் இவ்வறமே தோன்றுதற்கு வாயில் அடைபடும்.

7. விடையின்றி அனுப்பப்பட்ட வினாத்தாள்கள்

அரமேயம் பேச்சுவழக்கு ஒழிந்த பின்னரும், வாரந்தோறும் மூலத்தை இருமுறையும் தர்கூமை ஒருமுறையும் தனித்துப் படித்தல் வேண்டும் என்னும் தல்மூதின் விதி நீடித்தது. ஏமன் நாட்டு யூதர் மரபில் அவையில் தர்கூம் ஓதும் வழக்கமும் தொடர்ந்தது. பிறர் நடுவில் பெயர்ப்பாளரின் இடத்தை உரையாசிரியர் ஏற்றனர். ராஷியின் (1040–1105) உரை பெரும்பாலும் விடையை மட்டும் கூறும். வினாவைப் படிப்போரே உய்த்துணர வேண்டும். அபர்பனேல் (1437–1508) வினாக்களை முதலில் வரிசைப்படுத்திப் பின்னரே விளக்கம் தொடங்குவார்.

20ஆம் நூற்றாண்டில் இம்மரபைப் புதுப்பித்தவர் நெகாமா லீபோவிட்ஸ் (1905–1997). ரீகாவில் பிறந்த இவர், பழைய யூத-ஜெர்மானிய விவிலியப் பெயர்ப்பு முறைகளை ஆராய்ந்து 1930இல் முனைவர் பட்டம் பெற்றார். 1942 முதல் 1971 வரை, அவ்வப் பராஷாவுக்குரிய வினாத்தாளை வாரந்தோறும் எழுதி அனுப்பினார். அதில் உரைப்பகுதிகளும் வினாக்களும் இருக்கும், விடை இராது. விடை எழுதி அனுப்பியோரின் தாள்களைத் தாமே திருத்தித் திருப்பி அனுப்பினார். ராஷிக்கு இங்கு இடர்ப்பட்டது யாது என்பது அவர் இடையறாது எழுப்பிய வினா. நன்னூல் உரையின் இலக்கணமாகக் கூறும் பதினான்கனுள் வினா, விடை இரண்டும் அடங்கும். லீபோவிட்ஸ் விடையைக் கொடுத்து வினாவைக் கேட்டார் எனலாம். மொழிபெயர்ப்பை ஆராய்ந்தவர் அறவினாக்களின் ஆசிரியையானது தற்செயலன்று. இரு பெயர்ப்புகள் வேறுபடும் இடமே மூலம் வினவும் இடம் என்பதை அவர் அறிந்திருந்தார்.

8. முடிவுரை

மெதுர்கெமானுக்கு அருகில் எப்போதும் ஓதுவோர் நின்றார். அவர் நிரப்பினாலும் மறைத்தாலும் மூலத்தின் குரல் அழியவில்லை. இன்றைய மொழிபெயர்ப்பாளருக்கு அத்துணை இல்லை. அவருடைய நூலே பலருக்கு மூலமாகிவிடுகிறது. ஆகவே பொறுப்பும் மிகுதி. மூலத்தில் தொடர் முடியாது நிற்குமிடத்தில் அதனை முடித்துவைப்பதற்கு முன், அவ்வெற்றிடம் யாரை வினவ வைத்தது என்பதை அவர் எண்ணுதல் நன்று. நிரப்பியே ஆக வேண்டுமெனில், இங்கு ஓர் இடைவெளி இருந்தது என அடிக்குறிப்பிலேனும் அறிவித்தல் கடன். காயீன் ஆபேலிடம் சொன்னது யாது என்பதை எவரும் அறியார். ஆயினும் ஆண்டுதோறும் முதற் பராஷாவில் அவ்வினா மீண்டும் எழுகிறது.